கொடைக்கானல் ஆப்பிள் வினிகர் மசாலா பானம்: மணம் உண்டு, புளிப்பு போதாது

கொடைக்கானலில் ஹோம்மேட் சாக்லேட்டும் யூகலிப்டஸ் தைலமும் விற்கிற கடைகளில் ஆப்பிள் சைடர் வினிகர் பானமும் இப்போது கிடைக்கிறது. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் காய்ச்சிய சாராயத்தோடு ஆப்பிள் சாறு, பட்டை, கிராம்பு, பழுப்புச் சர்க்கரை கலந்து கண்ணாடி ஜாடியில் அடைத்து வைப்பார்கள். அந்த மசாலாவை அப்படியே எடுத்துக்கொண்டு, சாராயம் இருந்த இடத்தில் வினிகரை ஊற்றியிருக்கிறார்கள். தொண்டையில் இறங்கும் எரிப்பை அசிட்டிக் அமிலமும் மிளகும் சேர்ந்து தர வேண்டும். நல்ல யோசனை.

வாங்கியது 500 மி.லி. பாட்டில், 340 ரூபாய். மசாலாவில் குறையே இல்லை. தடித்த பட்டையைப் போடாமல் சுருள் பட்டை போட்டிருப்பதால் கசப்பு ஏறவில்லை. தாண்டிக்குடிப் பக்கத்து மிளகு என்று லேபிள் சொல்கிறது. காரம் நாக்கில் நின்று மெதுவாக இறங்குகிறது.

கோளாறு வினிகரில்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி நொதித்த வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அசிட்டிக் அமிலம் வேண்டும். சாக்லேட் கடைகளுக்கு வரும் பல பாட்டில்கள் ஆப்பிள் தோலையும் நடுத்தண்டையும் சர்க்கரைத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்தவை. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை இருந்தால் சுமார் 5 சதவீத ஆல்கஹாலும், அதிலிருந்து ஏறக்குறைய அதே அளவு அமிலமும் வரும். பாதிச் சர்க்கரை போட்டால் பாதிப் புளிப்புதான். பிழிந்த ஆப்பிள் சாற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இயல்பாகவே இருப்பதால் முழுச் சாற்றில் செய்த வினிகர் தனியாகத் தெரியும். பிஎச் தாள் நனைத்துக் காட்டி 'ஸ்ட்ராங்' என்று சொன்னால் நம்ப வேண்டாம்; அமிலத்தின் அளவை அந்தத் தாள் சொல்லாது.

இரண்டாவது, அவசரம். ஆல்கஹாலை அமிலமாக்கும் அசிட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு 25 முதல் 30 டிகிரி வெப்பமும் காற்றும் தேவை. ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், மார்கழி இரவுக் குளிரில் அது சோம்பிவிடும். சமவெளியில் ஆறு வாரத்தில் முடிகிற வேலைக்கு இங்கே மூன்று மாதம்கூட ஆகலாம். வாயகன்ற ஜாடி, மேலே மெல்லிய துணி, அடுப்படிக்குப் பக்கத்தில் இடம்: இவ்வளவு போதும். வேலை முடிவதற்குள் பாட்டிலில் அடைத்தால் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரும். மிச்ச ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து எத்தில் அசிட்டேட் ஆவதால் வரும் வாடை அது. எங்கள் பாட்டிலில் லேசாக இருந்தது. மூடி வேறு உப்பியிருந்தது: ஈஸ்ட் உயிரோடிருக்கும் வினிகரில் சர்க்கரை சேர்த்தால் வாயு கிளம்பத்தான் செய்யும். மேலே மிதக்கும் வழவழப்பான படலம், அந்தப் பாக்டீரியா உண்டாக்கும் 'மதர்', கவலை இல்லை. சுருக்கம் விழுந்த வெள்ளைப் படலம் வேறு ஈஸ்ட். ஆபத்தில்லை, சுவையைக் கெடுக்கும். பச்சை, கறுப்புப் பூசணம் என்றால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

நல்ல வினிகர் கையில் இருந்தால் பானத்தை வீட்டிலேயே கலக்கலாம். ஒரு லிட்டர் ஆப்பிள் சாறு, 80 கிராம் நாட்டுச் சர்க்கரை, விரல் நீளப் பட்டை இரண்டு, கிராம்பு நான்கு, தட்டிய மிளகு பத்து, கட்டைவிரல் அளவு இஞ்சி. சிறு தீயில் 15 நிமிடம், மூடி போட்டு. கிராம்பு கூடினால் பல்வலி மருந்து வாடை அடிக்கும். வெதுவெதுப்பாக ஆறிய பிறகு வடிகட்டி, 5 சதவீத வினிகர் 100 மி.லி. ஊற்ற வேண்டும், கொதிக்கும்போது ஊற்றினால் புளிப்பின் மணம் ஆவியோடு போய்விடும். ஃப்ரிட்ஜில் பத்து நாள் தாங்கும். மலையில் பேரிக்காயும் பிளம்ஸும்தான் அதிகம். பிளம்ஸ் சாற்றில் பாதி கலந்தால் இன்னும் நன்றாக வரும், ஆனால் வினிகரை 70 மி.லி.யாகக் குறைக்க வேண்டும்.

லேபிளில் 'மூன்ஷைன்', அதாவது கள்ளச் சாராயம், என்று போட்டிருப்பதை எடுத்துவிடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அந்த ஊர்களைச் சேர்ந்தவர்களும் இதே மலைக்குச் சுற்றுலா வருகிறார்கள்.

கடைப் பாட்டிலை வாங்கியவர்கள் 30 மி.லி.யை 200 மி.லி. தண்ணீரில் கலந்து, சாப்பாட்டோடு, ஸ்ட்ரா வைத்துக் குடிக்கலாம். அல்சர் இருப்பவர்களும் இன்சுலின் போடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மூடி உப்பிய பாட்டில் என்றால் கடையிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். மலை இறங்கும்போது சூட்டில் அது காருக்குள் வெடிக்கலாம்.