கார்ட்லெஸ் டூல் செட்: வீட்டுக்கும் காருக்கும் பொதுவானது பேட்டரி ஒன்றுதான்

திரைச்சீலைக் கம்பி மாட்டவும் காரில் சக்கரம் கழற்றவும் ஒரே செட் போதும் என்றுதான் எல்லா விளம்பரமும் சொல்கிறது. பெட்டியைத் திறந்தால் ஒரு ட்ரில், ஐம்பது அறுபது பிட்டுகள், சின்னச் சின்ன சாக்கெட்டுகள், ஒரு டேப். பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். சில வருடங்களாக 18 வோல்ட் டூல்களை வைத்து வீட்டு வேலையும் கார் வேலையும் செய்துவருகிறேன். என் அனுபவத்தில் வீடு கேட்பது ஒன்று, கார் கேட்பது வேறொன்று. இரண்டு வேலைக்கும் பொதுவாக இருக்க முடிந்தது பேட்டரியும் சார்ஜரும் மட்டும்தான்.

நான் வைத்திருப்பது எந்த பிராண்ட் என்று இங்கே சொல்லவில்லை. சொன்னால் பேச்சு முழுக்க அதைப் பற்றியே போய்விடும். சென்னைப் பாரிமுனையின் செம்புதாஸ் தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கிற பெரிய பெயர்களில் ஒன்று, அவ்வளவுதான். கடைக்காரர் முதலில் கேட்டது, "சார், வீட்டுக்கா, தொழிலுக்கா?" அடுத்த கேள்வி, "ஏற்கெனவே எந்த பேட்டரி வைத்திருக்கிறீர்கள்?" இரண்டாவதுதான் முக்கியமான கேள்வி என்பது இரண்டாவது டூல் வாங்கும்போது தெரியும்.

ஒரு கம்பெனியின் பேட்டரி இன்னொரு கம்பெனியின் டூலில் ஏறாது. ஒரே கம்பெனிக்குள்ளும் சிக்கல் உண்டு. போஷில் நீல நிற 18 வோல்ட் வரிசையும் வீட்டு உபயோகத்துக்கான பச்சை நிற 18 வோல்ட் வரிசையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. மகிட்டாவின் 18 வோல்ட் பேட்டரியை அவர்களுடைய 40 வோல்ட் டூலில் போட முடியாது. டிவால்ட்டில் 20 வோல்ட் மேக்ஸ் என்று எழுதியிருப்பது ஐரோப்பாவில் 18 வோல்ட் என்று விற்கிற அதே சங்கதிதான்.

இந்த வோல்ட் கணக்கை ஒருமுறை புரிந்துகொண்டால் விளம்பரம் பாதி கலைந்துவிடும். ஒரு லித்தியம் அயான் செல்லின் சராசரி மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. முழுச் சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்டும், மொத்தம் 21. ஆகவே 18, 20, 21 மூன்றும் அதே ஐந்து செல்தான். 12 வோல்ட் டூலில் மூன்று செல் இருக்கும். அப்படியென்றால் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற செட்களில் "48 வோல்ட்", "88 விஎஃப்", "128 விஎஃப்" என்று எழுதியிருக்கிறதே, அது என்ன? பக்கத்து வீட்டு நண்பர் வாங்கிய அப்படிப்பட்ட ஒரு பேட்டரி செத்துப்போனபோது திறந்து பார்த்தோம். உள்ளே ஐந்தே செல்.

வோல்ட்டைவிடப் பார்க்க வேண்டியது ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு. 18 வோல்ட் 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் 36 வாட் ஹவர் ஆற்றல் இருக்கிறது, 4 ஆம்பியர் ஹவரில் 72. அதிக நேரம் ஓடுவது மட்டுமல்ல லாபம். 4 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் பெரும்பாலும் பத்து செல், இரண்டிரண்டாகச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். அதனால் பாரம் ஏறும்போது வோல்ட்டேஜ் அவ்வளவு சரியாது, அதே டூல் கூடுதல் பலத்தோடு ஓடும். நட்டு கழற்றும்போது இந்த வித்தியாசம் கையிலேயே தெரிகிறது. ஏணி மேல் நின்று ஸ்க்ரூ போடும்போதோ 2 ஆம்பியர்தான் சுகம், பெரியதைப் போட்டால் அரை மணியில் மணிக்கட்டு வலிக்கும். நான் ஒவ்வொன்றில் ஒன்று வைத்திருக்கிறேன், இதுவரை மூன்றாவது தேவைப்படவில்லை.

சரி, வீட்டு வேலைக்கு வருவோம். நம் வீடுகளில் ட்ரில்லிங் என்றால் மரம் அல்ல, சுவர். செங்கல் சுவரில் 6, 8 மி.மீ. ஓட்டை போட 18 வோல்ட் ஹேமர் ட்ரில் தாராளம். படம், கடிகாரம், தண்ணீர் ஃபில்டர், ஷெல்ஃப் எல்லாவற்றையும் அதிலேயே மாட்டியிருக்கிறேன். சோதனை வருவது திரைச்சீலைக் கம்பியில். ஜன்னலுக்கு மேலே இருப்பது லிண்டல், கான்கிரீட். பிட் ஒரு ஜல்லியில் முட்டினால் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும், அல்லது வழுக்கி ஓரமாக ஓட்டை போடும். ஃபேன் கொக்கி, தொட்டில் கொக்கி என்று சீலிங்கில் போட வேண்டியதும் இதே கதைதான்.

இது டூலின் குறை அல்ல, வகை வேறு. ஹேமர் ட்ரில்லில் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று உரசித் துள்ளுகின்றன. அந்த அதிர்வுக்கு நாம்தான் பின்னால் இருந்து அழுத்தம் கொடுக்க வேண்டும். ரோட்டரி ஹேமரில் உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்பை அடிக்கிறது. அடி நம் தோளிலிருந்து வருவதில்லை. போஷ் 1975இல் கொண்டுவந்த எஸ்டிஎஸ் பிட் அமைப்பு இதற்காகத்தான், பிட் சக்கில் இறுகாமல் முன்னும் பின்னும் ஓட இடம் விடுகிறது. கார்ட்லெஸ் ஹேமர் ட்ரில்லில் ஐந்து நிமிடம் மல்லுக்கட்டுகிற லிண்டல் ஓட்டையை, வயர் வைத்த 2 கிலோ வகை ரோட்டரி ஹேமர் அரை நிமிடத்தில் முடிக்கும். கார்ட்லெஸிலும் ரோட்டரி ஹேமர் இருக்கிறது, நன்றாகவே அடிக்கும். ஆனால் வருடத்துக்கு நாலு ஓட்டைக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. வயர் மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது, எலெக்ட்ரீஷியன் யாராவது தெரிந்தவர் என்றால் ஒரு மதியத்துக்குக் கடனாகவும் கிடைக்கும். வீட்டுக்குள் பிளக் பாயிண்ட் எப்படியும் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஹேமர் வசதியை எங்கே அணைக்க வேண்டும் என்பதும் வேலையின் பாதி. டைல்ஸில் மேல் பூச்சைக் கடக்கும்வரை ஹேமர் கூடாது, டைல் பிட் போட்டு மெதுவாகச் சுற்ற விட வேண்டும். புது அப்பார்ட்மெண்ட்களில் வருகிற வெள்ளை நிற ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழிகள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) சுவருக்கு ஹேமரே வேண்டாம். அடித்தால் ஓட்டை பெரிதாகி, ஸ்க்ரூவைப் பிடிக்கிற பிளாஸ்டிக் பிளக் லொடலொடவென்று நிற்கும்.

மாடுலர் கிச்சன் கதவு கீல்களுக்கு ஒரு குறிப்பு. அந்த ஸ்க்ரூ தலையை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறிக்கு நடுவே மெல்லிய கோடுகள் இருந்தால் அது போஸிட்ரைவ், பிஇஸட் 2 பிட் போட வேண்டும். எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரண ஃபிலிப்ஸ் பிஹெச் 2 பிட்டைப் போட்டு "ஸ்க்ரூ தரமில்லை" என்று ஆசாரியைத் திட்டுகிறவர்கள் உண்டு. சரியான பிட் போட்டு, கிளட்ச்சை (ட்ரில்லின் முன்பக்கம் எண் போட்ட வளையம்) கீழ் எண்ணில் வைத்தால் தலை தேயாது, பிளைவுட்டும் பிய்ந்து வராது. இந்த மாதிரி வேலைதான் உங்களுக்கு அதிகம் என்றால் 18 வோல்ட்டே வேண்டாம், 12 வோல்ட் சின்ன ட்ரில் ரொம்ப இதமாக இருக்கும்.

இப்போது கார். ட்ரில்லில் ஒரு சாக்கெட்டை மாட்டி வீல் நட் கழற்றலாம் என்று செட் பெட்டியின் மேல் படம் போட்டிருப்பார்கள். கணக்குப் போட்டால் போதும். சின்ன கார்களின் வீல் நட்டை இறுக்கச் சொல்கிற அளவு ஏறக்குறைய 85 முதல் 120 நியூட்டன் மீட்டர் வரை. வீட்டு உபயோக ட்ரில்லின் முறுக்குவிசை பொதுவாக 50, 60. நட்டு அசையாது, மணிக்கட்டுதான் திரும்பும். பஞ்சர் கடையில் காற்று கன் வைத்து முறுக்கிய நட்டு என்றால் 120 எல்லாம் எப்போதோ தாண்டியிருக்கும். கடற்கரைப் பக்கம் நிறுத்துகிற கார் என்றால் அதோடு துருவும் சேரும்.

இங்கே வேண்டியது இம்பேக்ட் ரெஞ்ச். உள்ளே ஒரு சுத்தி சுழன்று சுழன்று தண்டை அடிப்பதால் முறுக்கு நட்டுக்குப் போகிறது, நம் கைக்கு அதிர்வு மட்டும் வருகிறது. அரை இன்ச் சதுர முனை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இம்பேக்ட் டிரைவர் என்று விற்கிற கால் இன்ச் அறுகோண முனை மெஷின் நீள ஸ்க்ரூவுக்கு அருமை. அதில் அடாப்டர் மாட்டி வீல் நட் கழற்றினால் பாதி அடியை அடாப்டரே தின்றுவிடும், பலமுறை போட்டால் உடைந்தும் போகும். இரண்டு முனையும் சேர்ந்த மாடல்களும் சில கம்பெனிகளில் வருகின்றன. ஒரே மெஷின்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு அது நல்ல வழி. என்னுடையது 300 நியூட்டன் மீட்டர் என்று எழுதிய நடுத்தர வகை. எங்கள் ஸ்விஃப்ட்டின் 19 மி.மீ. நட்டும், மச்சானின் ஹூண்டாயில் இருக்கிற 21 மி.மீ. நட்டும் இதுவரை இதற்கு அடங்காமல் போனதில்லை. சஸ்பென்ஷன் போல்ட், ஆக்ஸில் நட்டு என்று போனால் இதைவிடப் பெரியது வேண்டும். அந்த வேலையை நான் மெக்கானிக் அண்ணனிடமே விட்டுவிடுகிறேன்.

சாக்கெட் கறுப்பு நிற இம்பேக்ட் சாக்கெட்டாக இருக்கட்டும். பளபளக்கிற குரோம் சாக்கெட் கையால் முறுக்கச் செய்தது. இம்பேக்ட் அடியில் வெடித்துச் சில்லு பறக்க வாய்ப்பு உண்டு, கண் பத்திரம். சென்னைப் புதுப்பேட்டையின் கார் உதிரிபாகக் கடைகளில் கறுப்பு சாக்கெட் தனித்தனியாகவே கிடைக்கும், உங்கள் காருக்கு வேண்டிய ஒன்றிரண்டு போதும்.

அப்புறம், இம்பேக்ட் ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டும். மாட்டும்போது கையால் நாலு சுற்று விட்டு, இறுக்கும் அளவைக் காட்டுகிற டார்க் ரெஞ்சில் எதிரெதிர் நட்டாக இறுக்க வேண்டும். எந்த அளவு என்பது காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஸ்பார்க் பிளக், ஆயில் டிரெயின் போல்ட் பக்கம் இந்த மெஷினைக் கொண்டே போகாதீர்கள். பிளக் உட்காருவது அலுமினிய ஹெட்டில். அந்த மரை போனால் செலவு, நீங்கள் வாங்கிய மொத்த டூலின் விலையைத் தாண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வருடத்துக்கு ஒருமுறை ஸ்டெப்னி மாற்றுவதற்காக மட்டும் என்றால் இம்பேக்ட் ரெஞ்ச் தேவையே இல்லை. 70 கிலோ எடையுள்ளவர் 30 செ.மீ. நீள ஸ்பேனரின் முனையில் ஏறி நின்றால் 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் வந்துவிடும். நீளமான பிடியுள்ள ஸ்பேனர் ஒன்றை டிக்கியில் போட்டு வைப்பது மலிவு, அதற்கு சார்ஜும் இறங்காது. நான் டயர் ரொட்டேஷன், பிரேக் பேட் பார்ப்பது எல்லாம் வீட்டிலேயே செய்கிறேன், அதனால் எனக்குக் காசு தகும்.

கட்டிங் மெஷினை (ஆங்கிள் கிரைண்டர்) மட்டும் கார்ட்லெஸில் வாங்கவில்லை. நண்பரிடம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன். இரும்பு கேட்டுக்கு வெட்டு வேலை செய்யும்போது 4 ஆம்பியர் பேட்டரி மளமளவென்று இறங்கியது. நாலு இன்ச் வயர் மெஷின் விலை குறைவு, ஓயாமல் ஓடும். எதை வாங்கினாலும் வட்டை மூடியிருக்கிற பாதுகாப்புத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிற நம்மூர்ப் பழக்கம் வேண்டாம்.

எதிர்பாராமல் அதிகம் உழைத்தது ட்ரில்லும் இல்லை, ரெஞ்சும் இல்லை. அதே பேட்டரியில் ஓடும் விளக்கும், போன் சார்ஜ் செய்கிற சின்ன யுஎஸ்பி அடாப்டரும்தான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டர் படுத்த பிறகு எங்கள் வீட்டில் வெளிச்சம் டூல் பேட்டரியிலிருந்துதான் வந்தது. 72 வாட் ஹவர் பேட்டரி ஒன்றில், இழப்பைக் கழித்தாலும், இன்றைய போன் ஒன்றை மூன்று முறை அளவுக்கு நிரப்பலாம். டயருக்குக் காற்றடிக்கும் மெஷினும் இதே பேட்டரியில் ஓடுகிறது. வாரக்கடைசியில் நாலு டயரையும் பார்த்துவிட ஐந்து நிமிடம்கூட ஆகாது, பெட்ரோல் பங்க் வரிசையில் நிற்க வேண்டாம். எனவே பிராண்ட் தேர்வு செய்யும்போது ட்ரில் எப்படி என்று பார்ப்பதோடு, அந்த பேட்டரியில் விளக்கு, தூசு ஊதும் ப்ளோயர், டயர் காற்று மெஷின் எல்லாம் நம் ஊரில் உண்மையிலேயே கிடைக்கிறதா என்றும் கேளுங்கள். அயல்நாட்டு கேட்டலாக்கில் இருப்பது பல நேரம் இங்கே வராது.

பேட்டரி சீக்கிரம் சாகக் காரணம் பெரும்பாலும் சூடு. மே மாதம் வெயிலில் நின்ற காரின் உள்ளே 60 டிகிரி சாதாரணம். சாக்கெட், ஜாக்கி எல்லாம் டிக்கியில் இருக்கலாம், பேட்டரி வீட்டுக்குள். வேலை முடிந்து கொதிக்கிற பேட்டரியை உடனே சார்ஜில் போடுவதில்லை. மாதக்கணக்கில் தொட மாட்டோம் என்றால் பாதிச் சார்ஜில் வைப்பேன். நண்பரின் மலிவு செட்டிலும் முதலில் போனது பேட்டரிதான். மெஷின் பகுதி, நியாயமாகச் சொன்னால், இன்னும் நன்றாகவே அடிக்கிறது. ஆனால் அதே வடிவத்தில் நம்பி வாங்கக்கூடிய மாற்று பேட்டரி தேடித்தான் அலைந்துகொண்டிருக்கிறார்.

ஆகவே வாங்கும் நாளிலேயே தனி பேட்டரியின் விலையைக் கேட்டுவிடுங்கள். சில வரிசைகளில் இரண்டு பேட்டரி வாங்குகிற காசுக்குச் சலுகை நாளில் புது ட்ரில்லே பேட்டரியோடு வந்துவிடும், அப்படி வரும்போது எடுத்துக்கொள்வதுதான் நான் செய்வது. வாரண்டியில் பேட்டரிக்கு எவ்வளவு காலம், மெஷினுக்கு எவ்வளவு காலம் என்று தனித்தனியாகக் கேளுங்கள், இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. சில கம்பெனிகள் வாங்கிய சில வாரங்களுக்குள் ஆன்லைனில் பதிவு செய்தால் கூடுதல் காலம் தருகின்றன. அதற்கு மெஷினின் சீரியல் எண் வேண்டும், பில்லிலும் அதை எழுதச் சொல்லுங்கள். பில் வழவழப்பான தெர்மல் தாளாக இருந்தால் அன்றைக்கே போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள், ஒரு கோடை தாண்டுவதற்குள் எழுத்து காணாமல் போயிருக்கும்.