கல்லடியில் நடந்த ஆய்வுகூடப் பாதுகாப்புச் செயலமர்வு: ஒரு மதிப்பீடு

மருத்துவ ஆய்வுகூடங்களில் பணியாற்றுவோருக்காகத் தனியார் நிறுவனமொன்று கல்லடியில் கட்டணம் பெற்று நடத்திய இந்த ஒருநாள் செயலமர்வு, ஆபத்தான நோய்க்கிருமிகளைக் கையாள்வதிலும் ஆராய்வதிலும் உள்ள இடர்களைப் பற்றியது. அடுத்த முறை செல்ல எண்ணும் மட்டக்களப்பு, அம்பாறை உத்தியோகத்தர்களுக்குப் பயன்படும் என்பதால் என் கருத்தை எழுதுகிறேன்.

முற்பகல் அமர்வைத் தயக்கமின்றிப் பாராட்டலாம். கிருமிகளைக் கையாளப் பயன்படும், காற்றோட்டத்தால் காக்கப்படும் பாதுகாப்புக் கபினெட்டினுள் கையை வேகமாக நுழைத்து எடுத்தால் அதன் காற்றோட்டம் குலைந்து, உள்ளே அடங்கியிருக்க வேண்டிய நுண்துளிகள் வேலை செய்பவரின் முகத்துக்கே வந்துவிடும் என்பதைப் புகை விட்டுக் காட்டினார்கள். மாதிரிகளை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிபியூஜுக்குள் குழாய் உடைந்துவிட்டால் பதறி மூடியைத் திறக்காமல் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதையும் ஒவ்வொருவரையும் செய்ய வைத்தே கற்பித்தார்கள்.

எபோலாவைப் பற்றிப் பேசி நேரத்தைக் கழிக்காமல் மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயை மையமாக எடுத்துக்கொண்டமை எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. அதை உண்டாக்கும் பற்றீரியா மண்ணிலும் நீரிலும் வாழ்வது. நீரிழிவு உள்ளவர்களை எளிதில் தாக்குவது. மாரியில் சேற்றில் இறங்கி வெள்ளாண்மை செய்யும் படுவான்கரை விவசாயி ஒருவரின் இரத்த மாதிரியோடு அது எந்த நாளிலும் நம் மேசைக்கு வந்து சேரலாம். அனுபவம் குறைந்தவர்கள் அதைச் சாதாரண சூடோமோனாஸ் பற்றீரியா என்றோ, வெளியிலிருந்து கலந்த மாசு என்றோ எண்ணி, திறந்த மேசையில் வைத்தே வளர்ப்புத் தட்டை முகர்ந்து பார்க்கும் அபாயம் உண்டு. அதே கிருமியை அமெரிக்கா, தீய நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படக்கூடியவற்றுள் மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய வரிசையில் வைத்திருக்கிறது.

இவ்வளவு சொன்னவர்கள், அந்தக் கட்டுப்பாடு எதற்காக என்பதைப் பிற்பகலில் விளக்கியிருக்க வேண்டும். அங்கேதான் செயலமர்வு தளர்ந்தது. களவும் தீய பயன்பாடும் பற்றிய பகுதி, வாயிற்காவலாளி, கமரா, பூட்டு என்ற அளவில் அவசரமாக முடிந்துவிட்டது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் அந்த்ராக்ஸ் தூள் அடங்கிய கடிதங்களால் 5 பேர் உயிரிழந்து 17 பேர் நோயுற்றபோது, பல ஆண்டு விசாரணையின் பின் அந்நாட்டின் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ சுட்டிக்காட்டியது, இராணுவ ஆய்வுகூடத்தின் உள்ளேயே பணியாற்றிய ஆய்வாளர் ஒருவரைத்தான். உள்ளே செல்ல உரிமை பெற்றவரை எந்தப் பூட்டும் தடுக்காது. எந்தக் குழாயை யார், எப்போது, எவ்வளவு எடுத்தார் என்ற பதிவும், அதைச் சரிபார்க்கும் இரண்டாவது ஆளும் இருந்தால்தான் தடுக்க வழியுண்டு.

பதிவேடோ பாதுகாப்போ பிழைத்தால் நேர்வதற்கு விபத்துகளிலும் சான்றுகள் உண்டு. பெரியம்மை ஒழிந்ததாக 1980இல் அறிவிக்கப்பட்டு, அதன் வைரஸ் உலகில் இரண்டே இடங்களில் இருப்பதாகக் கருதப்பட்ட நிலையில், 2014இல் அமெரிக்காவின் பெதஸ்டாவிலுள்ள பழைய குளிர்அறையொன்றில் எவரும் கணக்கில் எடுத்திராத குப்பிகள் கண்டெடுக்கப்பட்டன. 2004இல் பெய்ஜிங் ஆய்வுகூடத்திலிருந்து சார்ஸ் என்ற சுவாச நோயின் வைரஸ் வெளியேறியபோது 9 பேர் தொற்றுக்குள்ளாகி, அங்கு பயின்ற மாணவியின் தாயார் உயிரிழந்தார். தன் மகளைப் பராமரிக்கச் சென்ற அந்தத் தாய் ஆய்வுகூடத்தில் கால் வைத்தவரே அல்லர். இவற்றுள் ஒன்றுகூட அன்று பேசப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்.

மண்டபமும் மதிய உணவும் குறை சொல்லும்படி இல்லை. தமிழில் அச்சிட்ட கையேடு தெளிவாக இருந்தது. புதிதாகப் பணியில் சேர்ந்தவர்கள் முற்பகல் அமர்வுக்காகவேனும் கட்டாயம் செல்லலாம். ஆய்வுகூடப் பொறுப்பாளர்களுக்கு இப்போதைய வடிவம் போதாது. உறைகுளிரூட்டியில் உள்ளவற்றைக் கணக்கெடுப்பது, பணி மாறும்போது சாவியையும் பதிவேட்டையும் கையளிப்பது, குழாயொன்று குறைந்தால் யாருக்கு முதலில் அறிவிப்பது ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்பிக்கும் இரண்டாம் நாள் சேர்க்கப்படுமானால், இரட்டிப்புக் கட்டணம் கேட்டாலும் எங்கள் ஊழியர்களை அனுப்பும்படி நான் பரிந்துரைப்பேன்.