க்ரானா, சிஸ்டம்டி டைமரா?

வீட்டு லேப்டாப்பில் உபுண்டு லினக்ஸ். தினமும் இரவு 10 மணிக்கு என் ஆவணங்களை எல்லாம் ஒரே டார் கோப்பாகக் கட்டி வெளி டிஸ்க்கில் போட வேண்டும், அவ்வளவுதான். குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் நிரல் க்ரான்; அதன் வேலைப் பட்டியலான க்ரான்டேபில் ஒரே வரி எழுதிவிட்டு மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு கோப்பு தேவைப்பட்டுப் போய்ப் பார்த்தால், டிஸ்க் காலி.

அதே கட்டளையை டெர்மினலில் ஒட்டினால் ஒழுங்காக ஓடுகிறது. வில்லன், கோப்புப் பெயரில் தேதி சேர்க்க நான் போட்ட சதவீதக் குறி. க்ரான்டேபில் அந்தக் குறி வந்தாலே கட்டளை முடிந்தது என்று பொருள். முன்னால் பின்சாய்கோடு போட்டால்தான் சும்மா விடும். பாதியில் வெட்டுப்பட்ட கட்டளையைப் பார்த்து, அதை ஓட்ட வேண்டிய ஷெல் பிழை சொல்லியிருக்கிறது. க்ரான் அதை மெயிலில் அனுப்பப் பார்க்கும். லேப்டாப்பில் மெயில் சர்வர் ஏது? அனுப்ப வழியில்லை, வெளியீட்டைத் தூக்கிப் போடுகிறேன் என்று கணினியின் பதிவேடான சிஸ்லாகில் தினம் ஒரு வரி. என்ன பிழை என்பது மட்டும் எங்கும் இல்லை. வெளியீட்டை ஒரு லாக் கோப்புக்குத் திருப்பியிருக்கலாமே என்பீர்கள். வரிக் கடைசியில் போடுவதுதானே அது? அதுவும் சேர்ந்தே வெட்டுப்பட்டிருக்கும்.

எழுதுவதற்கு க்ரான்தான் சுலபம், அதில் வாதமே இல்லை. அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமருக்கு, எதை ஓட்டுவது என்று சொல்ல சர்வீஸ் கோப்பு ஒன்று, எப்போது என்று சொல்ல டைமர் கோப்பு ஒன்று, அப்புறம் அதை முடுக்கிவிட எனேபிள் கட்டளை வேறு. ஆனால் பழுது பார்க்கும் நாளில் கணக்கு மாறிவிடுகிறது. சிஸ்டம்டி பதிவுகளைக் காட்டும் ஜர்னல்சிடிஎல்லில் சர்வீஸ் பெயரைக் கொடுத்தால் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் எழுதிய கோப்பு) கக்கிய பிழை நேரத்தோடு வருகிறது. திருத்தியதைச் சோதிக்க இரவு 10 மணி வரை காத்திருக்க வேண்டாம். சர்வீஸை ஸ்டார்ட் செய்தால் டைமர் ஓட்டுகிற அதே சூழலிலேயே ஓடும். டெர்மினலில் ஓடி க்ரானில் படுத்துக்கொள்ளும் கதை இங்கே இல்லை. பெர்சிஸ்டன்ட் என்று ஒரு வரி சேர்த்தால், அந்த நேரத்தில் லேப்டாப் அணைந்திருந்தாலும் அடுத்த முறை போட்டதும் விட்ட வேலையை முடித்துவிடும். க்ரானின் உறவுக்காரனான அனாக்ரானும் இதைச் செய்யும், ஆனால் அதற்கு நாள் கணக்குதான் தெரியும், மணிக் கணக்கு தெரியாது.

சர்வீஸ் கோப்பிலும் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு, இரண்டாகப் போட வேண்டும். இப்போது எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் வைத்து சர்வீஸ் அதை அழைக்க மட்டும் விட்டிருக்கிறேன். முதலிலேயே இப்படிச் செய்திருந்தால் க்ரானே ஓடியிருக்கும், உண்மைதான்.

என் அனுபவம் இரண்டு வீட்டுக் கணினிகள்தான். நூறு சர்வர் மேய்ப்பவர்கள் என் பேச்சை நம்ப வேண்டாம். ஆல்பைன் என்ற லினக்ஸில் சிஸ்டம்டியே இல்லை, அங்கே க்ரான்தான். நானும் க்ரான்டேபில் ஒரு வரியை விட்டுவைத்திருக்கிறேன்: டவுன்லோட்ஸ் அடைசலை வாரம் ஒருமுறை அழிப்பது. அது ஓடாவிட்டாலும் எனக்கு நஷ்டம் இல்லை.