டர்ன்டேபிள் வாங்கும் முன்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு எழுதுவது

இசைத்தட்டு ஓட்டும் டர்ன்டேபிள் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, மோட்டார் பெல்ட் வழியாகச் சுற்றும் பெல்ட் டிரைவா, நேரடியாகச் சுற்றும் டைரக்ட் டிரைவா என்றுதான். சில வருடங்களாக ஒரு டைரக்ட் டிரைவ் மெஷினில் அநேகமாகத் தினமும் எல்பி (33⅓ வேகப் பெரிய இசைத்தட்டு) கேட்டு வருகிறேன். அந்தக் கேள்விக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம். எதைப் பிற்பாடு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே முடியாது என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள். மோட்டார், பேரிங், முள்ளைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் மூன்றும் வாங்கியது வாங்கியதுதான். கார்ட்ரிட்ஜ் (முள்ளின் அசைவை மின் சிக்னலாக்கும் சின்னப் பாகம்), முள், போனோ ப்ரீஆம்ப் (அந்தச் சிக்னலைப் பெரிதாக்கும் கருவி) எல்லாவற்றையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

மோட்டார் விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். 1972-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வரிசை 2010 வரை ஓடி, 2016-இல் திரும்பவும் வந்தது. டைரக்ட் டிரைவ் நின்று உழைக்கும் என்பதற்கு அது போதும். ரேகா, ப்ரோ-ஜெக்ட் போன்ற கம்பெனிக்காரர்கள் பெல்ட் டிரைவிலேயே அருமையான மெஷின்கள் செய்கிறார்கள். தினசரிப் பழக்கத்தில் தெரியும் வித்தியாசம் வேறு. பெல்ட் நாளடைவில் தளரும், மாற்ற வேண்டும். சில பெல்ட் மாடல்களில் நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்திலிருந்து 45-க்குப் போக, சுழலும் அடித்தட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கையால் அடுத்த படிக்கு நகர்த்த வேண்டும். 45 வேகத் தட்டுகள் அதிகம் கேட்பவர்களுக்கு பட்டனில் வேகம் மாறுவது பெரிய நிம்மதி. எல்பி மட்டும்தான் என்றால் இது ஒரு பொருட்டே இல்லை.

டோன் ஆர்மில் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். பின்னால் நகர்த்தக்கூடிய எடைக்கட்டை, ஆர்ம் உள்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்யும் ஆன்டி-ஸ்கேட்டிங், அரை அங்குல இடைவெளியில் இரண்டு திருகு போட்டு மாட்டும் கார்ட்ரிட்ஜ் இடம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பெட்டி மாதிரித் தூக்கிப் போகும் மெஷின்களில் பெரும்பாலும் இவை இருக்காது. அவற்றில் வரும் செராமிக் கார்ட்ரிட்ஜ் 5 கிராமை ஒட்டிய எடையோடு தட்டில் உட்காரும். சாதாரண எம்எம் (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜுக்கு 2 கிராம் போதும். சேர்த்து வைக்க ஆசைப்படும் தட்டுகளை அந்த மெஷினில் போட எனக்கு மனசு வராது.

என் மெஷினோடு வந்தது ஆடியோ-டெக்னிகா விஎம்95இ, நீள்வட்ட முனை. நல்ல கார்ட்ரிட்ஜ். ஆனால் தட்டின் கடைசிப் பாட்டில் குரல் சற்றுக் கரகரக்கும், ‘ஸ’ எல்லாம் ‘ஷ’ போலத் தெறிக்கும். காரணம் எளிது. 33⅓ வேகத்தில் 12 அங்குலத் தட்டின் வெளி ஓரத்தில் நொடிக்குச் சுமார் 51 செ.மீ. பள்ளம் முள்ளுக்கு அடியில் ஓடுகிறது. லேபிளை நெருங்கும்போது அது 21 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். அதே உச்ச ஒலி பாதிக்கும் குறைவான நீளத்துக்குள் நெருக்கி வெட்டப்பட்டிருப்பதால், அந்த நுண்ணிய நெளிவுக்குள் நீள்வட்ட முனையின் பக்கவாட்டு விளிம்பு முழுசாகப் போய் உட்கார முடிவதில்லை.

இந்த வரிசையில் உள்ள பெரிய வசதி, கார்ட்ரிட்ஜின் உடலை அப்படியே விட்டுவிட்டு முள்ளை மட்டும் இழுத்துக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். இன்னும் நுண்ணிய விளிம்புள்ள மைக்ரோலைன் முனைக்கு மாறினேன். கடைசிப் பாட்டில் குரல் தெளிவாக நின்றது. வயலினின் மேல் ஸ்தாயி பிசிறில்லாமல் வந்தது. நான் செய்த மாற்றங்களிலேயே காதுக்கு உடனே தெரிந்தது இதுதான். தயாரிப்பாளர் சொல்லும் ஆயுளும் நீள்வட்டத்துக்கு 300 மணி, மைக்ரோலைனுக்கு 1000 மணி. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒன்று மட்டும், நுண்ணிய முனை பொருத்துவதில் கறாராக இருக்கும். கார்ட்ரிட்ஜின் கோணம் பார்க்கும் ப்ரொட்ராக்டர் அட்டையில் தட்டின் நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. தூரத்தில் இரண்டு புள்ளிகள் இருக்கும். இரண்டிலும் முனை புள்ளியில் நிற்க, கார்ட்ரிட்ஜ் கோடுகளுக்கு இணையாக இருக்க வேண்டும். கார்ட்ரிட்ஜின் உடலைப் பார்க்காமல், முனையைத் தாங்கும் அந்த மெல்லிய தண்டைப் பாருங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்தால் தண்டும் அட்டைக் கோடும் பளிச்சென்று தெரியும். திருகை இறுக்கும்போது கார்ட்ரிட்ஜ் ஒரு முடியளவு திரும்பும், ஆகவே இறுக்கிய பின் மறுபடி பாருங்கள். முள் தட்டை அழுத்தும் எடையை, எடைக்கட்டையின் டயலை நம்பி விடாமல் சின்ன டிஜிட்டல் தராசில் வைத்து 2.0 கிராமுக்குக் கொண்டுவாருங்கள். இதற்கெல்லாம் ஒரு சாயங்காலம் போகும். போனால் போகட்டும், பலன் ஒவ்வொரு தட்டிலும் கேட்கும்.

போனோ ப்ரீஆம்ப் பற்றிக் குழப்பம் அதிகம். கார்ட்ரிட்ஜிலிருந்து வருவது 4 மில்லிவோல்ட் அளவுதான். அதைப் பெரிதாக்குவது பாதி வேலை. தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உயர்ந்த ஒலியைக் கூட்டி வெட்டுகிறார்கள். 1954-இல் வந்த ஆர்ஐஏஏ (அமெரிக்க இசைப்பதிவுத் துறைச் சங்கம்) வளைவின்படி இரு முனைகளிலும் இது 20 டெசிபலை ஒட்டிய வித்தியாசம். அதைத் திருப்பிச் சரிசெய்வது மீதி வேலை. மெஷினுக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் அதை அணைக்க சுவிட்ச் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். உள் ப்ரீஆம்பை அணைக்காமல் ஆம்பின் போனோ சாக்கெட்டில் செருகினால் இரண்டு தடவை திருத்தப்பட்டு, குழைந்து உறுமும் சத்தம்தான் வரும். தனி ப்ரீஆம்ப் வாங்கினால் எம்எம்-க்கு வேண்டிய 47 கிலோ ஓம் உள்ளீட்டு மின்தடை எல்லாவற்றிலும் இருக்கும். மின்தேக்கத் திறனான கெப்பாசிட்டன்ஸைத்தான் கவனிக்க வேண்டும். விஎம்95 வரிசை கேட்பது 100 முதல் 200 பிகோஃபாரட், அதுவும் கேபிளையும் சேர்த்து. அது கூடிப்போனால் உயர் ஒலியின் சமநிலை கெட்டுவிடும். ஆகவே நீளமான கேபிள் வேண்டாம்.

எங்கே வைப்பது என்பதற்கும் காசு கொடுத்து வாங்கும் பொருளுக்குச் சமமான மதிப்பு உண்டு. ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் இருக்கக் கூடாது. மோட்டார் நின்றிருக்க, முள்ளைத் தட்டில் இறக்கி, வால்யூமைப் பாட்டுக் கேட்கும் அளவுக்கு வைத்து, மேஜையை விரலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் ‘தொம்’ என்று கேட்டால் மேஜை அதிர்வை மேலே அனுப்புகிறது என்று அர்த்தம். சுவரில் அடித்த பலகைக்கு மாற்றிய பிறகு என் அறையில் அந்தச் சத்தம் அடங்கிவிட்டது, நடந்தால் முள் துள்ளுவதும் நின்றது.

கனமான மேட், தட்டின் மேல் வைக்கும் எடை, விலை கூடிய கேபிள் இவற்றில் என் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கார்பன் ஃபைபர் பிரஷ்ஷும், முள்ளைப் பின்னிருந்து முன்னாக மட்டும் துடைக்கும் சின்ன பிரஷ்ஷும் தினமும் கையில் இருக்கின்றன. பழைய தட்டுகளை டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகுதான் மைக்ரோலைன் முள்ளைத் தொட விடுகிறேன். தேய்ந்த முள் அடுத்த தட்டையும் தேய்க்கும் என்பதால், ஓடிய மணிக்கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் குறித்து மெஷினின் அடியில் ஒட்டியிருக்கிறேன்.