எஸ்எஸ்ஆர்பியா, எஃப்எஸ்எஸ்ஆர்பியா? ஈலானுக்கு மாற்று சர்வர்

ஏடிஎம் என்பது தரவைச் சிறு செல்களாக அனுப்பும் நெட்வொர்க் முறை. அதன் மேல் சாதாரண லேனைப் போல ஒரு வலையை அமைப்பது லேன் எமுலேஷன்; அப்படி அமைந்த ஒவ்வொரு வலையும் ஒரு ஈலான். ஏடிஎம் ஃபோரம் 1995-ல் வெளியிட்ட அதன் முதல் பதிப்பில் ஒரு ஈலானுக்கு ஒரே எல்இஎஸ் (முகவரிகளைத் தேடித் தரும் சர்வர்), ஒரே பஸ்தான் (எல்லோருக்குமான பிராட்காஸ்டை அனுப்பும் சர்வர்). அவற்றில் ஒன்று விழுந்தால் அந்த ஈலானும் விழும். இதற்கு மாற்று சர்வர் வைக்கச் சிஸ்கோ கொடுத்த வழிகள் இரண்டு: எஸ்எஸ்ஆர்பி (சிம்பிள் சர்வர் ரிடண்டன்சி புரோட்டோகால்), அதன் வேகமான வடிவமான எஃப்எஸ்எஸ்ஆர்பி. நான் முதலாவதைத்தான் போட்டேன். இன்றும் அதையே சொல்வேன்.

வேகத்தில் எஃப்எஸ்எஸ்ஆர்பிதான் மேல், அதில் சந்தேகமில்லை. எஸ்எஸ்ஆர்பியில் எல்இஎஸ் போனதும் எல்லா கிளையண்டும் எல்இசிஎஸ்ஸிடம் (எந்த ஈலானுக்கு எந்த எல்இஎஸ் என்று சொல்லும் சர்வர்) திரும்பப் போய், அடுத்த எல்இஎஸ்ஸின் முகவரியை வாங்கி, முதலிலிருந்து சேர வேண்டும். எஃப்எஸ்எஸ்ஆர்பியில் கிளையண்ட் முன்கூட்டியே நான்கு எல்இஎஸ்/பஸ் ஜோடிகள் வரை தொடர்பு பிடித்து வைத்திருக்கும். ஒன்று போனால் அடுத்ததற்குத் தாவிவிடும்.

ஆனால் பிடித்து வைத்திருக்கும் அந்தத் தொடர்புகளை எண்ணிப் பாருங்கள். கண்ட்ரோல் டைரக்ட், கண்ட்ரோல் டிஸ்ட்ரிப்யூட், மல்டிகாஸ்ட் செண்ட், மல்டிகாஸ்ட் ஃபார்வர்டு என ஒரு ஜோடிக்கு 4 விசிசி (ஏடிஎம் வழியான மெய்நிகர் இணைப்பு). நான்கு ஜோடி என்றால் 16. ஒரு ரவுட்டரில் 10 ஈலான் இருந்தால் 160, டேட்டா டைரக்ட் (கிளையண்டுகள் தங்களுக்குள் நேரடியாகப் பிடிக்கும் இணைப்பு) இன்னும் கணக்கிலேயே வரவில்லை. எஸ்எஸ்ஆர்பியில் இதே ரவுட்டருக்கு 40 போதும். ஸ்விட்ச் ஒன்று ரீபூட் ஆகி எழும்போது இந்த வித்தியாசம் முழுக்க சிக்னலிங் சுமையாக வந்து விழும். விசிசி எண்ணிக்கைக்கு வரம்புள்ள பழைய கார்டுகளை வைத்துக்கொண்டு இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று, எஃப்எஸ்எஸ்ஆர்பி கிளையண்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். எஸ்எஸ்ஆர்பியின் வேலை சர்வர் பக்கமே முடிந்துவிடுகிறது. வேறு நிறுவனத்தின் கிளையண்டும் சிக்கலின்றிச் சேரும்.

எஸ்எஸ்ஆர்பி போடுவதென்றால் ஒரு இடத்தில் மட்டும் கண்ணை அகல வைத்திருங்கள். எல்இசிஎஸ் முகவரிப் பட்டியலை ஒவ்வொரு ஏடிஎம் ஸ்விட்சிலும் ஏற்ற வேண்டும். வரிசை எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எல்இசிஎஸ்ஸும் ஒன்றுக்கு மேல் இருக்கும்: ஒன்று மாஸ்டர், மற்றவை மாற்று. அவை அந்தப் பட்டியலை ஐஎல்எம்ஐ (ஸ்விட்சிடம் விவரம் கேட்டு வாங்கும் நெறிமுறை) வழியே படித்துத்தான் யார் மாஸ்டர் என்று முடிவு செய்கின்றன. ஒரு முறை ஒரு ஸ்விட்சில் மட்டும் இரண்டு முகவரிகளை இடம் மாற்றி ஏற்றிவிட்டேன். பல நாள் எதுவும் தெரியவில்லை. சோதனைக்காக மாஸ்டரை நிறுத்திய அன்றுதான், எது மாஸ்டர் என்பதில் குழப்பம் இருப்பதே தெரிந்தது. அன்றிலிருந்து எல்லா ஸ்விட்சின் பட்டியலையும் ஒரே கோப்பில் வைத்து, அதிலிருந்து மட்டுமே ஒட்டுகிறேன். எல்இசிஎஸ் டேட்டாபேசுக்கும் அதே முறைதான். அப்புறம், எல்இசிஎஸ்ஸையும் எல்இஎஸ்/பஸ்ஸையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். ஒரு மின்தடையில் இரண்டும் சேர்ந்தே போகும்.

எஃப்எஸ்எஸ்ஆர்பியை நான் இரண்டே ஈலானில், கொஞ்ச நாள்தான் ஓட்டினேன். நூற்றுக்கணக்கான கிளையண்டோடு அது எப்படி நடந்துகொள்ளும் என்று அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல முடியாது. சில நொடி இடைவெளியைக்கூடத் தாங்காத பயன்பாடு உங்களிடம் இருந்து, கிளையண்டும் எல்லாம் சிஸ்கோவாக இருந்தால், இரண்டு ஜோடியோடு போட்டுப் பாருங்கள். நான்கு வேண்டாம்.