பொதுத் தொட்டியில் கில்லி மீன்: மூன்று வருட அனுபவம்

கில்லி என்றாலே கூடவே தாண்டும் நினைவுக்கு வரும். இந்தக் கில்லியும் தாண்டும். ஒரு மீனைப் பறிகொடுத்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன். பெயரைக் கேட்டதும் ‘மற்ற மீனைக் கொன்றுவிடுமோ?’ என்று பயப்படுபவர்களும் உண்டு. அந்தப் பெயர் ஓடையைக் குறிக்கும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். கொலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என்னுடையது பல வகை மீன்கள் ஒன்றாக வாழும் பொதுத் தொட்டி, சுமார் 110 லிட்டர். ஜாவா பாசி, மிதக்கும் செடிகள், வேகம் குறைந்த ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஏற்கெனவே ஹார்லிக்வின் ரஸ்போரா என்ற சிறு மீன்களின் கூட்டம் ஒன்றும் அடியில் கோரிடோரஸ் என்ற குட்டிக் கெளுத்திகளும் இருந்தன. மேல்மட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று ஒரு ஆண், இரண்டு பெண் கார்ட்னெரி கில்லிகளைச் சேர்த்தேன். நைஜீரியா, கேமரூன் பக்கத்து மீன், ஏறக்குறைய 6 செ.மீ. வளரும். ஆணின் நீலப்பச்சை உடம்பில் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தால் நன்னீர் மீன் என்றே நம்ப முடியாது. பெண் வெறும் பழுப்பு.

தொட்டிக்கு மூடி இருந்தது. ஆனால் ஹீட்டர் வயருக்காக மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடைவெளி. முதல் வாரமே ஒரு பெண் மீன் அந்த வழியாக வெளியே போய், காலையில் தொட்டிக்குப் பின்னால் காய்ந்து கிடந்தது. அத்தனை பெரிய மூடியில் அந்த இடைவெளியை எப்படித்தான் கண்டுபிடித்ததோ! நீர்ப்பரப்பில் விழும் பூச்சியைப் பிடித்துத் தின்னும் மீன் இது, வாயே மேல்நோக்கித்தான் இருக்கும். மிரண்டாலும் குதிக்கும், ஆண் துரத்தினாலும் குதிக்கும். அன்றே இடைவெளியில் பஞ்சை அடைத்தேன், தண்ணீரையும் நாலைந்து செ.மீ. குறைத்தேன். மிதக்கும் செடி அடர்ந்த பிறகு அவற்றின் பதற்றமும் குறைந்தது.

அடுத்த தலைவலி சாப்பாடு. முதல் சில வாரங்கள் பெல்லட்டை (கடையில் விற்கும் உருண்டைத் தீவனம்) திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொசுப்புழு போட்டால் மட்டும் அம்பு மாதிரி பாயும். (நிமிடங்களில் தீரும் அளவுக்கு மட்டும் போடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் கொசு வளர்த்த பெருமை உங்களுக்கே.) அப்புறம் ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறாலோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுத்துப் பெல்லட்டுக்குப் பழக்கினேன். ரஸ்போராக்கள் முந்திக்கொள்வதால் இன்றும் இரண்டு மூலைகளில் தனித்தனியாகப் போடுகிறேன்.

மற்ற மீன்களோடு சண்டை? கார்ட்னெரியால் ரஸ்போராவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அதன் கோபமெல்லாம் தன் இனத்து ஆணிடம்தான். ஒருமுறை இரண்டாவது ஆணை விட்டுப் பார்த்தேன், இரண்டே நாளில் வால் கிழிந்தது, பிரித்துவிட்டேன். பெண் மீன்களையும் விடாமல் விரட்டும் என்பதால் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருப்பது நல்லது.

இரண்டாம் வருடம் ஆசைப்பட்டு ஒரு கோல்டன் வொண்டர் கில்லி வாங்கினேன். அது என் முட்டாள்தனம். அது கோடு போட்ட பாஞ்சாக்ஸ் என்ற கில்லியின் தங்கநிற வகை, 10 செ.மீ. வரை போகும். வாய்க்குள் நுழையும் எதுவும் அதற்கு இரைதான். குட்டி ரஸ்போராக்கள் மூன்று காணாமல் போன பிறகு, பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுத்துவிட்டேன். கில்லி வாங்கும்போது நிறத்தைவிட வாயைப் பாருங்கள். நோத்தோபிராங்கியஸ் வகைக் கில்லிகளும் பொதுத் தொட்டிக்கு வேண்டாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் மழைக்குட்டை வற்றியதும் மீன்கள் செத்துவிடும், முட்டைகள் மட்டும் சேற்றுக்குள் அடுத்த மழைக்குக் காத்திருக்கும். சில மாதமே வாழும் மீனைத் தனித் தொட்டியில் வளர்ப்பதே சரி.

கார்ட்னெரி முட்டைக்குச் சேறெல்லாம் தேவையில்லை. கம்பளி நூல் கொத்தைத் தொங்கவிட்டால் அதில் இடும். கண்ணாடி மணி போன்ற முட்டை, விரலால் எடுத்தாலும் உடையாது. தனிப் பாத்திரத்தில் வைத்தால் இரண்டு, மூன்று வாரத்தில் பொரிக்கும். பொதுத் தொட்டியிலேயே விட்டதில் எனக்குத் தப்பியவை மூன்றே குஞ்சுகள், அதுவும் மிதக்கும் செடியின் வேருக்குள் ஒளிந்ததால்.

இப்போது பழைய ஆணுக்கு முதுகு லேசாக வளைந்துவிட்டது, நிறமும் மங்கிவிட்டது. தப்பிய குஞ்சுகளில் ஒன்று ஆண், அதற்குப் புள்ளிகள் ஏறத் தொடங்கியிருக்கின்றன. கிழவனோடு மோதுவதற்கு முன் அதற்கொரு தொட்டி பார்க்க வேண்டும், மூடியில் சந்து இல்லாததாக.