மாறிமாறி வாசிப்பதா, மன்றாட்டுமாலையா?

தேயிலைத் தோட்டத்து ஆலயங்களில் ஞாயிறு ஆராதனையைத் தயாரிப்பவர்கள், சபையாரின் பங்கிற்குச் சங்கீதத்தை மாறிமாறி வாசிக்கும் முறையையோ, நடத்துபவரின் ஒவ்வொரு வேண்டுதலுக்கும் சபையார் குறுகிய மறுமொழி சொல்லும் மன்றாட்டுமாலையையோ தெரிவு செய்யலாம்.

முதலாவது முறையில் வேதவசனம் முழுமையாகச் சபையின் வாயில் வருகிறது. பர்வதங்களுக்கு நேராகக் கண்களை ஏறெடுக்கும் 121ஆம் சங்கீதத்தை, யன்னலுக்கு வெளியே மூடுபனிக்குள் மலை மறைந்திருக்கும் காலையில் வாசிப்பது தனி அனுபவம்தான். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் புத்தகம் வேண்டும்; எழுத்துக் கூட்டி வாசிக்கும் பாட்டிமார் பாதி வசனத்தில் இருக்கும்போதே இளைஞர்கள் முடித்துவிடுகிறார்கள், பின்வரிசை மௌனமாகிவிடுகிறது.

மன்றாட்டுமாலைக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆங்கிலத் திருச்சபைக்காக 1544இல் பேராயர் தோமஸ் கிரான்மர் ஒழுங்குபடுத்திய மன்றாட்டுமாலையிலும் சபையாரின் பங்கு குறுகிய, திரும்பத் திரும்ப வரும் மறுமொழிகளே. “எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்பதை வாரம் முழுவதும் கொழுந்து பறித்துக் களைத்தவரும் புத்தகமின்றிச் சொல்லலாம். மண்சரிவு அபாயத்திலுள்ள லயன் குடியிருப்புகளையும், கொழும்பில் வேலைசெய்யும் பிள்ளைகளையும் அன்றைய தேவைக்கேற்பச் சேர்த்துக்கொள்ளலாம். நடத்துபவர் அறிவித்தல்களையெல்லாம் மன்றாட்டாக்கி நீட்டிவிடும் ஆபத்தும் உண்டு; அதை நான் பலமுறை பொறுமையாகச் சகித்திருக்கிறேன்.

வாசிக்கத் தடுமாறுவோர் பலருள்ள சபைக்கு நான் மன்றாட்டுமாலையையே பரிந்துரைப்பேன். சங்கீதத்தை விட மனமில்லாதவர்கள் 136ஆம் சங்கீதத்தை எடுக்கலாம்: அதன் 26 வசனங்களும் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்றே முடிவதால், முற்பகுதியை ஒருவர் வாசித்தாலே போதும்.